பதினான்காம் கேள்வி

கிணறு வெட்டும்போது கீழே இருப்பவன் வாயை மூடக் கூடாது. ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பாடலாம், பெண்டாட்டியைத் திட்டலாம், போன வாரக் கால்பந்து ஆட்டத்தைப் பற்றி உளறலாம். மேலே கயிறு பிடிப்பவனுக்கு அந்தப் பேச்சுதான் நாடி. பேச்சு நின்றால் அவன் மூன்று எண்ணுவான். அதற்குள் சத்தம் வராவிட்டால் ஒன்றும் கேட்காமல் இழுப்பான்.

முக்வானா பதினெட்டு வருஷம் கீழே நின்று பேசினார். நான் பதினெட்டு வருஷம் மேலே நின்று கேட்டேன். ச்வேலே சந்தையைச் சுற்றி நாங்கள் கிணறு வெட்டாத வீட்டு வளவு குறைவு. என் பெயர் கிசா. எனக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது. அது ஒரு கிணற்று ராட்டினத்தோடு போனது. இந்த விரல் பிறகு அரசாங்கக் கோப்பில் இடம்பெறப் போவதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

போன வருஷம் மழைக்கு முன் முக்வானாவுக்கு இருமல் நிற்கவில்லை. பக்கத்து நகரமான புங்கோமாவில் ஒரு டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் இப்படி இறங்கினீங்கன்னா, அப்புறம் ஏற வேண்டிய அவசியமே இருக்காது" என்றார். நல்ல டாக்டர். சுற்றி வளைக்கவில்லை.

கிணறு வெட்டத் தெரிந்தவனுக்குத் தரைக்கு மேலே என்ன வேலை? சந்தையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நஃபுலாதான் வழி சொன்னாள். முக்வானாவுக்குத் தினமும் நாலைந்து பேர் போன் செய்து, வெள்ளைக் களிமண் வந்துவிட்டது என்ன செய்ய, பக்கச்சுவர் சரிகிறது என்ன செய்ய என்று கேட்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

"இத்தனை பேருக்கு வாயால சொல்றத ஒரு தடவை எழுதிப் போடுங்க அண்ணே. இணையத்துல ஒரு தளம் வெச்சுக் குடுக்கிறேன். படிக்க ஆள் வந்தா விளம்பரம் வரும். விளம்பரம் வந்தா காசு வரும்."

"எழுதினதுக்கா காசு?"

"சொந்தமா எழுதினதுக்கு. அடுத்தவன்கிட்டேருந்து எடுத்துப் போட்டா கிடைக்காது. அசலா இருக்கணும்."

"அது கவலையில்ல. அடுத்தவன்கிட்டேருந்து எடுக்கணும்னா அவனும் கீழே இறங்கியிருக்கணுமே" என்றார் முக்வானா.

இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினார். மண் நிறம் மாறுவது, பாறையின் சத்தத்தைக் கேட்டு அதன் தடிப்பைச் சொல்வது, பக்கச்சுவர் வியர்ப்பது, எல்லாம் சுவாஹிலியில், சந்தையில் பேசுகிற மாதிரி. படம் எடுத்தது நான். அவர் மிக நீளமாக எழுதியது விளக்குப் பக்கம். மூடிக் கிடந்த கிணற்றில் இறங்கும் முன் மண்ணெண்ணெய் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கு. விளக்கு எந்த இடத்தில் அணைகிறதோ அந்த இடத்தில் நீயும் அணைவாய். அவருடைய அண்ணன் அப்படித்தான் செத்தார். அதனால் அதில் ஒரு பிழைகூட இல்லை.

கடல் தாண்டியிருந்த ஒரு விளம்பர நிறுவனம் தளத்தை ஏற்றுக்கொண்டது. முதல் நாள் பம்பு விளம்பரம் வந்தது. இரண்டாம் நாள் முடியை நேராக்கும் எண்ணெய். மூன்றாம் நாள் எடை குறைக்கும் தேநீர். கிணறு வெட்டுகிறவர்களில் குண்டானவனை நான் இன்னும் பார்க்கவில்லை. இருந்தாலும் மாதக் கடைசியில் இரண்டு கிலோ சர்க்கரைக்கு ஆகிற தொகை வந்தது. முக்வானாவின் மனைவி நலியாகா அந்தச் சர்க்கரையைப் போட்டுத் தேநீர் வைத்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஊற்றினாள். தரைக்கு மேலே சம்பாதித்த முதல் சர்க்கரை.

அந்தத் தேநீர்தான் வினை.

குடித்தவர்கள் கேட்டார்கள், எப்படி வந்தது என்று. முக்வானா உண்மையைச் சொன்னார். விளம்பரத்தை யாராவது விரலால் தொட்டால் கொஞ்சம் காசு விழும்.

"தொட்டாப் போதுமா?"

"தொட்டாப் போதும்."

பக்கத்து வீட்டு பாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். "நம்ம ஊர்ல ஒருத்தன் நெஞ்சு கெட்டுப்போய் நிக்கிறான். தொட்டாப் போதும்ங்கிறான். நாம சும்மா ஒக்காந்து தேத்தண்ணி குடிக்கிறோம்."

எங்கள் ஊரில் ஒருவனுக்குக் கஷ்டம் என்றால் ஹராம்பே வைப்போம். ஊர் கூடும், ஆளுக்கு முடிந்ததைக் கொடுக்கும், கொடுத்தது ஒலிபெருக்கியில் சொல்லப்படும். ஞாயிற்றுக்கிழமை சபை வளாகத்தில் பந்தல் போட்டார்கள். ஒரு தலைவர், ஒரு செயலாளர், தொடுதல்களை எண்ண ஒரு குழு, அந்தக் குழுவைக் கண்காணிக்க இன்னொரு குழு.

"சபைப் பாடல் குழுப் பெண்கள், எண்பது தொடுதல்" என்று பாஸ்டர் அறிவிப்பார். கைதட்டல். "மோட்டார்சைக்கிள் ஓட்டிகள் சங்கம், இருநூறு." பெரிய கைதட்டல். போன் இல்லாத ஒரு விதவை, மகனின் போனை வாங்கி இரண்டே இரண்டு தடவை தொட்டாள். அதற்குப் பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வார்டு உறுப்பினர் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தார். மேடையில் ஏறி, எல்லாரும் பார்க்க ஐம்பது தடவை தொட்டார். அவருடைய உதவியாளர் குனிந்து எண்ணினான். "என் பங்கு ஐந்நூறு. மிச்சம் நானூற்று ஐம்பதை வெள்ளிக்கிழமைக்குள்ள தொடறேன்னு இந்தச் சபை முன்னாடி வாக்குக் குடுக்கிறேன்" என்றார். தேர்தலுக்கு அவர் கொடுத்த வாக்குகளில் நிறைவேறாதது பல உண்டு. இதை மட்டும் வியாழக்கிழமையே முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. தளத்தில் இயல்புக்கு மாறான நடவடிக்கை காணப்பட்டது. கணக்கு முடக்கப்பட்டது. வந்த தொகை விளம்பரதாரர்களுக்குத் திருப்பி அளிக்கப்படும். மேல்முறையீடு செய்ய விரும்பினால், உள்ளடக்கம் அசலானது என்று உங்கள் நாட்டின் உரிய அமைப்பிடம் சான்று பெற்று இணைக்கவும்.

"இயல்புக்கு மாறா என்ன செஞ்சோம்?" என்று பாஸ்டர் நஃபுலாவிடம் கேட்டார்.

"ஒரே நாள்ல ஒரே இடத்துலேருந்து மூவாயிரம் தடவை எடை குறைக்கிற தேத்தண்ணியத் தொட்டா, மெஷின் பயந்துடாதா பாஸ்டர்?"

"உதவி செஞ்சா பயப்படுற மெஷின எவன் செஞ்சான்?"

முக்வானா யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் அன்பாகச் செய்ததற்கு என்ன சொல்வது?

உரிய அமைப்பு என்று ஒன்று இருந்தது. அசல் உள்ளடக்கச் சான்று ஆணையம். புங்கோமாவில் நான்கு மாடிக் கட்டடம், கண்ணாடிச் சுவர், வாசலில் கொடி. கழுவுமிடத்தில் தண்ணீர் வராது. கை கழுவ வேண்டியவர்கள் வாயில்காப்பாளனிடம் ஒரு குவளை கேட்டு வாங்க வேண்டும்.

விண்ணப்பத்தில் இருபத்திரண்டு கேள்விகள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம் எல்லாம் சுலபம். பதினான்காம் கேள்வி: உள்ளடக்கம் எங்கிருந்து பெறப்பட்டது? முக்வானா அதற்கு நேரே, "என் தலையிலிருந்து" என்று எழுதினார்.

முதல் மேசையில் பெரிதா மேடம் இருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"தலையிலிருந்துன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"தலை ஆவணம் இல்லையே." பேனாவால் அந்த இடத்தைத் தட்டினார். "இதை ஒங்களுக்கு முன்னாடி யாராச்சும் எழுதியிருக்காங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல மேடம்."

"யாருமே எழுதாதத உண்மைன்னு எப்படி நம்புறது?"

முக்வானா யோசித்தார். "நான் இன்னும் உயிரோட இருக்கேனே மேடம்."

மேடம் ஓரத்தில் எழுதிக்கொண்டார்: விண்ணப்பதாரர் உயிரோடு இருப்பதாகக் கூறுகிறார், ஆவணம் இணைக்கப்படவில்லை.

"வேற யாராச்சும் இதையே எழுதியிருக்காங்கன்னு ஒரு ஆதாரம் கொண்டாங்க. அப்பத்தான் நம்பகம்னு முத்திரை குத்த முடியும்."

"அப்படி யாராச்சும் எழுதியிருந்தா இது என் சொந்தம் இல்லைன்னு ஆயிடாதா மேடம்?"

"அது அடுத்த மேசை" என்றார்.

அடுத்த மேசைக்காரர் பயிற்சிக்குப் போயிருந்தார். எதற்கான பயிற்சி என்று கேட்டோம். மேசைக்கு வருகிறவர்களை எப்படி வரவேற்பது என்பதற்கு.

அடுத்த மூன்று மாதம் நாங்கள் கோப்பு வளர்த்தோம். முக்வானா இந்த இடத்துக்காரர்தான் என்று வட்டார அதிகாரியான சீஃப் ஒரு கடிதம் கொடுத்தார். தன் எண்ணங்கள் தன்னுடையவை என்று வக்கீல் முன்னால் சத்தியம் செய்து ஒரு பத்திரம் வாங்கினோம். வக்கீல் அதைத் தட்டச்சு செய்யும்போது, "எல்லா எண்ணமுமா, கிணறு பத்தினது மட்டுமா?" என்று கேட்டார். எல்லா எண்ணத்துக்கும் கட்டணம் அதிகமாம். கிணற்றோடு நிறுத்திக்கொண்டோம்.

பிறகு போலீஸ் குறிப்பு. பணியிலிருந்த போலீஸ்காரர் பெரிய பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார்.

"பசு மாடு காணோம். சைக்கிள் காணோம். மாமியார் காணோம், பிறகு கிடைச்சுட்டாங்க." நிமிர்ந்தார். "கிணறு பத்தின யோசனை எதுவும் காணாமப் போனதா இந்த ஸ்டேஷன்ல பதிவாகல."

"அதத்தான் சார் எழுதிக் கேக்கிறோம்."

எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். பெரிதா மேடம் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் முதன்முறையாகச் சிரித்தார். "இப்பத்தான் ஒங்க ஃபைல் ஒரு ஃபைல் மாதிரி இருக்கு."

கோப்பு வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஆணையத்தின் பயிலரங்கில் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்று செய்தி வந்தது. 'உங்கள் எழுத்து உங்கள் வருமானம்' என்று துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மண்டாசி என்கிற பொரித்த பணியாரமும் தேநீரும் கொடுத்தார்கள். இயக்குநர் டாக்டர் ஹெசகாயா முலோங்கோ எழுந்தார்.

"மேடையில் இருக்கும் எல்லாருக்கும் முறைப்படி வணக்கம் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கி, பிறகு இருபது நிமிஷம் ஒவ்வொருவருக்கும் முறைப்படி வணக்கம் சொன்னார். அதற்குப் பின் தாளைப் பார்த்துப் படித்தார்.

"அசல் என்பது தேசத்தின் சொத்து. அதை மக்களிடமே விட்டுவைத்தால் ஆளுக்கொரு விதமாக ஆக்கிவிடுவார்கள். எனவேதான் இந்த ஆணையம். ஒரு மனிதன் சொந்தமாகச் சிந்திப்பதற்கு முன் அதற்கான நடைமுறையைத் தெரிந்திருக்க வேண்டும். இதுவரை நாலாயிரத்து இருநூறு விண்ணப்பங்களைப் பெற்றிருக்கிறோம். பெருமையோடு சொல்கிறேன், அவற்றில் ஒன்றுகூட அலுவலகத்தை விட்டு வெளியே போகவில்லை." கைதட்டலுக்காக நிறுத்தினார். கிடைத்தது. "பிறர் எழுத்தைத் திருடுகிறவன் பிறர் கோழியைத் திருடுகிறவனைவிடக் கேவலமானவன். ஆகவே, என் அன்புக்குரிய மச்சகோஸ் மக்களே..."

மச்சகோஸ் எங்கள் ஊரிலிருந்து ஒரு முழு நாள் பேருந்துப் பயணம். கூட்டத்தில் யாரும் அசையவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சமையல் தளக்காரி மட்டும், "இந்த மண்டாசியும் அங்கேருந்துதான் வந்திருக்கும், அவ்வளவு பழசு" என்றாள்.

பயிலரங்கு முடிந்த மறுவாரம் முடிவு வந்தது. பெரிதா மேடம் நாற்காலி போடச் சொன்னார். நாற்காலி போட்டால் நல்ல செய்தி இல்லை என்று எனக்குத் தோன்றியது.

"சோதனை பண்ணிட்டோம். ஒங்க தளத்துல இருக்கிறது ஏற்கெனவே இன்னொரு தளத்துல இருக்கு. அந்தத் தளத்துக்கு நாங்களே சான்று குடுத்திருக்கோம். 'நீர்வழி'ன்னு பேரு. நம்ம ஆபீஸ்லயே உள்ளடக்கப் பயிற்சியில இருக்கிற கெல்வின் எழுதுறது." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "கெல்வின், ஒன்னக் காப்பியடிச்சவர் வந்திருக்கார், வந்து பாரு."

மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு வாலிபன் வந்து, மரியாதையாகக் கை கொடுத்தான். திரையில் அவனுடைய தளத்தைக் காட்டினார்கள். மண் நிறம் இருந்தது. பாறைச் சத்தம் இருந்தது. முக்வானா ஒரு இடத்தில் 'நலியாகா பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல' என்று எழுதியிருந்தார். அதே நலியாகா அங்கேயும் பானையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ என் பொண்டாட்டி" என்றார் முக்வானா.

"அந்தப் பேர்ல எத்தனையோ பேர் இருக்காங்க" என்றார் மேடம்.

அந்தத் தளத்திலிருந்த ஒரு படத்தை நான் காட்டினேன். கயிறு பிடித்திருக்கும் கை. ஆள்காட்டி விரல் இல்லாத கை. என் கையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மேடம் இரண்டையும் பார்த்தார். அவர் அநியாயக்காரர் இல்லை. நன்றாகவே பார்த்தார். "ஒத்துப்போகுது. ஆனா விரல் இல்லைங்கிறதுக்கு ஆஸ்பத்திரி சான்று வேணும். எந்தத் தேதியிலேருந்து இல்லைன்னு அதுல இருக்கணும்."

"கண்ணால பாக்கிறீங்களே மேடம்."

"நான் பாக்கிறேன். ஃபைல் பாக்கலையே."

முக்வானா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேலும் கீழும் தேடினார். "விளக்குப் பக்கம் எங்க தம்பி?"

"அத எடுத்துட்டேன் அங்கிள். சாவு, மூச்சு முட்டுறதுன்னெல்லாம் இருந்தா விளம்பரம் தர்றவங்க ஒதுங்கிடுவாங்க. கொள்கைப்படி பக்கம் சந்தோஷமா இருக்கணும்."

"இதப் படிச்சுட்டு எவனாச்சும் பழைய கெணத்துல எறங்குனா?"

"அதுக்குத்தான் கடைசியில ஒரு வரி போட்டிருக்கேன். வாசகர் தம் சொந்தப் பொறுப்பில் இறங்கவும்."

வெளியே வந்து முக்வானா படியில் உட்கார்ந்து இருமினார். வெகு நேரம் இருமினார். வாயில்காப்பாளன் கேட்காமலே ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்தான். அந்தக் கட்டடத்தில் எங்களுக்கு எந்தக் காகிதமும் கேட்காமல் கிடைத்தது அது ஒன்றுதான்.

மேல்முறையீடு செய்தோம். பதில் இல்லை. சோளம் நடும் காலம் வந்தது. விதைக்கும் உரத்துக்கும் வழியில்லை. நலியாகா சர்க்கரை இல்லாத தேநீர் ஊற்றினாள். அப்போது பெரிதா மேடத்திடமிருந்து போன் வந்தது.

"ஒங்க ஃபைலத் திறந்து படிச்சேன்" என்றார். முக்வானா எழுந்து நின்றார். "அதுல நீங்க கிணறு வெட்டுறவர்னு இருக்கு. நம்ம வளாகத்துல ஒரு பழைய கிணறு மூடிக் கெடக்கு. தூர் வாரி ஆழப்படுத்தணும், கூலி உண்டு. இயக்குநர் விழா வைக்கிறார். வரும்போது ஒங்க காகிதங்களையும் அசலாக் கொண்டாங்க, அன்னைக்கே கையெழுத்து வாங்கித் தரப் பாக்கிறேன்."

நலியாகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் பெயரை வைத்துத்தான் அவள் கணவரைக் கூப்பிடுவாள். "நெகேசா அப்பா, டாக்டர் என்ன சொன்னார்?"

"கையெழுத்து கெடச்சுட்டா தளம் திறந்துடும். இது கடைசி."

"போன தடவையும் கடைசிதான்."

"அது கடைசிக்கு முந்தினது" என்றார். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "கயித்தப் பாத்துக்க" என்றாள்.

விழா நாளில் வாசலில் எங்கள் மண்ணெண்ணெய் விளக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். எரிபொருள் உள்ளே வரக் கூடாது, இயக்குநர் உத்தரவு. கடப்பாரை, வாளி, கயிறு, கோப்பு ஆகியவை அனுமதிக்கப்பட்டன.

கிணற்றைச் சுற்றி வெள்ளைப் பந்தல். நாடா கட்டியிருந்தார்கள். இயக்குநர் புதிய மஞ்சள் தலைக்கவசம் போட்டிருந்தார். படம் பிடிப்பவன் தயாராக நின்றான். பலகையைத் தூக்கியதும் உள்ளேயிருந்து ஒரு வாசம் வந்தது. வாசம் என்றுகூடச் சொல்ல முடியாது. வாசமே இல்லாத ஒரு குளிர். முக்வானா ஓரத்தில் மண்டியிட்டுக் குனிந்தார், எழுந்தார்.

"விளக்கு வேணும் சார்."

"பகல்தானே" என்றார் இயக்குநர்.

"வெளிச்சத்துக்கு இல்ல சார். காத்து எப்படி இருக்குன்னு பாக்கிறதுக்கு. இது ரொம்ப நாளா மூடிக் கெடந்திருக்கு."

இயக்குநர் கெல்வினைத் திரும்பிப் பார்த்தார். "சான்று பெற்ற முறையில் அப்படி ஏதாவது உண்டா?"

கெல்வின் போனை எடுத்துத் தன் தளத்தைத் தானே படித்துப் பார்த்தான். "இல்ல சார்."

"அப்போது தேவையில்லை. ஆணையத்தின் வளாகத்திலேயே ஆணையம் சான்று தராத முறையைப் பின்பற்றினால் நாளைக்கு நம்மை யார் மதிப்பார்கள்? இறங்குங்கள். விருந்தினர்கள் காத்திருக்கிறார்கள்."

முக்வானா இடுப்பில் கயிற்றைக் கட்டவில்லை. சுற்றிலும் பார்த்தார். பிறகு கையிலிருந்த கோப்பைப் பார்த்தார்.

"வேற காகிதம் தேடிட்டு வரேன் அண்ணே" என்றேன். எனக்குப் புரிந்துவிட்டது. "அது போனா எல்லாம் போச்சு."

"இது நல்லா காஞ்சிருக்கு கிசா. தீப்பெட்டி குடு."

முதலில் சீஃப் கடிதத்தைச் சுருட்டி வாளிக்குள் வைத்துப் பற்றவைத்தார். நான் கயிற்றை விட்டேன். பத்து அடி, எரிந்தது. இருபது, எரிந்தது. முப்பதைத் தாண்டியதும் யாரோ இரண்டு விரலால் கிள்ளியதுபோல அணைந்தது. வாளியை மேலே இழுத்தேன். போலீஸ் குறிப்பு. அதே இடத்தில் அணைந்தது. பிறகு வக்கீலிடம் சத்தியம் செய்த பத்திரம். தடித்த தாள், முத்திரை அரக்கு வேறு. அது கொஞ்சம் கீழே வரை போகும் என்று நினைத்தேன். அதுவும் அதே இடத்தில்தான் அணைந்தது.

படம் பிடிப்பவன் கிணற்று ஓரத்திலிருந்து இரண்டடி பின்னால் போயிருந்தான்.

"காற்றடித்து அணைந்திருக்கலாம்" என்றார் இயக்குநர்.

"இருக்கலாம் சார்" என்றார் முக்வானா. இருமல் அடங்கும்வரை நின்றார். "நான் காப்பியடிச்சவன் சார். எனக்கு என்ன தெரியும்? முறைய எழுதினவரு இங்கேயே இருக்காரு. அவரு எறங்கிக் காட்டட்டும். பாத்துக் கத்துக்கிறேன்."

யாரும் திட்டமிடவில்லை, ஆனால் அது எல்லாருக்கும் நியாயமாகத் தோன்றிவிட்டது. ஒரு விருந்தினர் கைதட்டினார். இயக்குநர் தன் மஞ்சள் கவசத்தைக் கழற்றிக் கெல்வின் தலையில் வைத்தார். யாரோ அவன் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். படம் பிடிப்பவன் அவன் பக்கம் திரும்பினான். நான் கயிற்றை எடுத்துக்கொண்டு அவன் இடுப்பருகே போனேன்.

கெல்வின் கயிற்றைப் பார்த்தான். அதைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தான். இல்லாத விரலை, ஆஸ்பத்திரிச் சான்று இல்லாமலே, அவன் கண் கண்டுகொண்டது.

"சார், இது என்னோடது இல்ல."

"எது?"

"எதுவுமே. எல்லாம் அவரு தளத்துலேருந்து எடுத்தது. படம்கூட. நான் கெணத்துல எட்டிப் பாத்ததுகூடக் கெடையாது சார். பயிற்சியில ஆளுக்கு ஒரு தளம் காட்டணும்னு சொன்னாங்க."

நான்கு மாதமாக நாங்கள் தேடிய ஆதாரம் ஒலிபெருக்கியில் வந்தது. நூறு பேர் கேட்டார்கள். நான் முக்வானாவைப் பார்த்தேன். அவர் பெரிதா மேடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். சாம்பல் இருந்தது. "சார்," என்றார் மெதுவாக, "மூல விண்ணப்பத்தோட இணைப்பெல்லாம் எரிஞ்சுபோச்சு. இனி புதுசாத்தான் போடணும்."

இயக்குநர் மைக்கை வாங்கினார். "கெல்வினின் நேர்மையைப் பாராட்டுகிறேன். சொந்தமாக அவர் சொன்ன முதல் விஷயம் இது. இதை அவர் எழுத்தில் கொடுத்தால் ஆணையம் பரிசீலிக்கும். தீயணைப்புச் செயல்விளக்கம் நடத்திய நண்பருக்கும் நன்றி. இப்போது எல்லாரும் சாப்பிடப் போகலாம்."

கோழியும் உகாலிக் களியும் இருந்தன. நன்றாகவே இருந்தன.

விருந்தினர்கள் போன பிறகு நாங்கள் மரக்கிளைகளை வெட்டிக் கட்டாகக் கட்டிக் கயிற்றில் தொங்கவிட்டு, கிணற்றுக்குள் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிக் காற்றைக் கிளப்பினோம். இரண்டு நாள் ஆனது. வாயில்காப்பாளன் விளக்கை யாருக்கும் தெரியாமல் திருப்பிக் கொடுத்தான். மூன்றாம் நாள் காலையில் விளக்கு அடிவரை போய், அங்கே நின்று எரிந்தது.

"இன்னொருத்தனப் பாக்கலாம் அண்ணே" என்றேன்.

"எவனப் பாப்பே? படிச்சுட்டு வர்றவன் இப்போ 'நீர்வழி' படிச்சுட்டு வருவான்." கயிற்றை இடுப்பில் கட்டினார். "சோளம் நடணும் கிசா."

இறங்கினார். நான் பிடித்தேன். வழக்கமாக அவர் நலியாகாவின் சமையலைத் திட்டித் தொடங்குவார். அன்றைக்கு அதைத் திட்டவில்லை. கடப்பாரைச் சத்தத்துக்கு நடுவே கீழேயிருந்து வேறு ஏதோ வந்தது. காதை வைத்துக் கேட்டேன். விண்ணப்பம். நான்கு மாதத்தில் அவருக்கு அது மனப்பாடமாகியிருந்தது.

"ஒண்ணு. விண்ணப்பதாரர் பேரு. முக்வானா." ஒரு குத்து. "ரெண்டு. தகப்பன் பேரு. வஃபூலா. காலமானார், ஆவணம் இல்ல." ஒரு குத்து. "மூணு. பொறந்த எடம்."

மாடியில் ஒரு சன்னல் திறந்தது. பெரிதா மேடம் எட்டிப் பார்த்தார். போகவில்லை, நின்று கேட்டார்.

பத்து போனது, பதினொன்று போனது. பன்னிரண்டில் ஒரு இருமல். பதின்மூன்றில் நீளமான இருமல். நான் கயிற்றை இறுக்கினேன்.

"பதினாலு" என்றது குரல். "உள்ளடக்கம் எங்கிருந்து பெறப்பட்டது."

பிறகு ஒன்றுமில்லை. கடப்பாரையும் இல்லை.

ஒன்று எண்ணினேன். இரண்டு எண்ணினேன். சன்னலில் மேடத்தின் கை கம்பியைப் பிடித்திருந்தது. நான் காலை ஊன்றிக்கொண்டு மூன்றுக்கு வாயைத் திறந்தேன்.

"இங்கேருந்துதான்" என்றார் கீழேயிருந்து. "எழுதிக்கச் சொல்லு."